குணம் பார்த்துக் குலம் சொல்லலாமா

1

இந்த ஐப்பசியோடு நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. கொண்டாட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்த நாட்டு அரசாங்கம் இப்படிப்பட்ட நாட்களை மறப்பதில்லை. விசா முடிகிறது, குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருந்தோம். நான், மனைவி திலகா, ஒன்பது வயது மகள் இனியா. எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் என் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு திலகா பக்கம் திரும்பி, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"கணவர் வேலைக்குப் போன பிறகு பகலில் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"யோசிப்பேன்" என்றாள் திலகா.

அம்மையார் திரையில் அதற்கான கட்டத்தைத் தேடினார். கிடைக்கவில்லை போலிருக்கிறது. 'வேலை இல்லை, கணவரைச் சார்ந்தவர்' என்பதில் தட்டிவிட்டார்.

முழு உண்மை இதுதான். திலகா கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவள். பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கென்று இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் கூப்பிட்டதால்தான் நாங்கள் வந்தோம். அப்போது அவளைச் சார்ந்தவன் நான். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவன், வேலையை விட்டுவிட்டு அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இப்போது நான் ஒரு மாணவர் விடுதியின் பராமரிப்பாளன். அடைத்த குழாயைத் திறப்பது, எரியாத விளக்கை மாற்றுவது, பனிக்காலத்தில் வாசலில் உப்புத் தூவுவது என் வேலை. இந்த வேலைக்கு நான் விண்ணப்பித்ததில்லை. மொழி வகுப்பில் 'வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணவன்' என்று என்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கும் 'கட்டடப் பராமரிப்பாளர்' என்பதற்கும் ஜெர்மன் மொழியில் முன்பாதி ஒன்றுதான். பின்பாதியில் வழுக்கிவிட்டேன். என்னோடு படித்த போலந்துக்காரர் அன்று சாயங்காலமே ஒழுகும் குழாயோடு எங்கள் கதவைத் தட்டினார். லாரி ஆபீசில் இருந்தவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதா? சரிசெய்து கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அப்படியே வளர்ந்து, சம்பளமும் சீருடையும் வந்துவிட்டன.

அவளைச் சார்ந்தவனாக வந்த என்னை அவள் சார்ந்திருக்கும்படி எப்படி ஆயிற்று என்று ஊரில் பலர் கேட்கிறார்கள். போனில் சொன்னால் செலவு. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் அவள் என்னதான் படித்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான்.

சதுரமான தரை ஓடு ஒன்றை அதன் குழியிலிருந்து எடுங்கள். திருப்பியோ கவிழ்த்தோ மறுபடி அதே குழியில் பொருத்துங்கள். இப்படிப் பொருத்த எட்டு வழிகள் உண்டு. ஒரு வழியைச் செய்து அதன் மேல் இன்னொன்றைச் செய்தாலும் அந்த எட்டுக்குள் ஏதோ ஒன்றுதான் வரும். வெளியே போகாது. இப்படித் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே போகாத கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் குரூப் என்று பெயர். நம் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் அதற்குக் குலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் எங்கள் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

குலத்தை அப்படியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் விளங்காது. அதனால் அதை எண்களால் ஆன சதுரக் கட்டங்களாக மாற்றிப் பார்க்கிறார்கள். இதற்கு மேல் உடைக்க முடியாத கட்டங்கள் சில உண்டு. அவை ஒவ்வொன்றும் அந்தக் குலத்தின் ஒரு கேரக்டரைக் காட்டும். கட்டத்தின் அகலம்தான் அந்தக் கேரக்டரின் டிகிரி, அதாவது படி. எல்லாப் படியும் ஒன்று என்ற எண்ணாகவே இருந்தால் அந்தக் குலத்தில் யார் முன்னால் போனாலும் யார் பின்னால் போனாலும் விளைவு ஒன்றுதான். தகராறே இல்லாத குலம். படி பெரிதாக இருந்தால் உள்ளே முன்பின் தகராறு இருக்கிறது என்று அர்த்தம். குலத்தையே பார்க்காமல் இந்தப் படிகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதன் உள் அமைப்பைச் சொல்ல முடியுமா என்பதுதான் திலகாவின் கேள்வி.

சின்னக் குலங்களில் முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நம் தரை ஓட்டுக் குலத்துக்கு எட்டுப் பேர் கொண்ட ஒரு இரட்டை இருக்கிறது. இரண்டுக்கும் படிகள் அச்சாக ஒன்று. உள்ளே ஆட்கள் வேறு. ஆனால் பெரிய குலங்களில் ஒரு வகைக்கு, சில நிபந்தனைகள் போட்டால், கண்டிப்பாகச் சொல்லிவிடலாம் என்று திலகா பல வருடம் உட்கார்ந்து நிரூபித்தாள். அதற்கு இங்கே நல்ல பெயர்.

நல்ல பெயர் என்பது கணிதக்காரர்களிடம் மட்டும். ஜெர்மன் மொழியிலும் கணக்கில் வரும் குலத்துக்கும் ஆட்கள் சேரும் குழுவுக்கும் ஒரே சொல்தான். இதே வெளிநாட்டவர் அலுவலகத்தில், அமெரிக்காவில் விமானங்கள் மோதிய சம்பவத்துக்குப் பிந்தைய வருடங்களில், ஒரு இளம் அதிகாரி அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்.

"எந்தக் குழுக்களை ஆராய்கிறீர்கள்?"

"உறுப்பினர் எண்ணிக்கை முடிவுள்ள குழுக்கள்."

"அவற்றுக்கு ஜெர்மனியில் கிளை உண்டா?"

"எல்லா இடத்திலும் உண்டு" என்று திலகா மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டாள். பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய பேராசிரியர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேரில் வந்து விளக்கிய பிறகுதான் எங்கள் பாஸ்போர்ட்டுகள் திரும்பக் கிடைத்தன.

3

போன வருடம், அதாவது 2006 கோடையில், ஊருக்கு வந்தோம். அப்போது திலகாவின் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. இங்கே ஆராய்ச்சி வேலைகளுக்குக் கெடு உண்டு. கெடு முடிவதற்குள் நிரந்தரப் பேராசிரியர் ஆகவில்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பக்கத்து நகரத்தில் ஒரு பேராசிரியர் இடம் காலியாக இருந்தது. அவள் போய்ப் பாடம் நடத்திக் காட்டிவிட்டு வந்திருந்தாள். தேர்வுக்குழுவுக்கு அந்தத் தேற்றத்தின் மேல்தான் கண். அநேகமாக உங்களுக்குத்தான் என்று குழுத் தலைவர் மறைமுகமாகச் சொல்லியும் விட்டார். முடிவு ஆகஸ்ட் கடைசியில்.

எங்கள் இரண்டு குடும்பமும் கொல்லிமலை அடிவாரத்தில் சொந்த நிலத்தில் விவசாயம் பார்ப்பவை. அடிவாரத்தில் தங்கினால் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கலக்கவே நேரம் போதாது என்று, மலை மேல் வாழவந்தி நாட்டில் இருக்கும் திலகாவின் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மலையில் சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை நாடு என்பார்கள். முத்துசாமி மச்சானுக்குச் செம்மேட்டில் உரக்கடை. சொந்தக்காரர்களின் குலச் சங்கம் ஒன்றின் மலைக் கிளைக்கு அவர்தான் பொருளாளர். தங்கை மேல் உயிர். அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் கேட்டதில்லை.

வந்த மறுநாளே உரக்கடையில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் கேட்டுவிட்டார். "ஏனுங்க, தமிழ்ல ஒரு வரியில சொல்லுங்க. என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க?"

திலகாவுக்கு ஆராய்ச்சியைத் தமிழில் சொல்லிப் பழக்கமில்லை. கேரக்டருக்கு என்ன சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினாள். "ஒரு குலத்தோட குணங்களை வெச்சு அந்தக் குலம் எப்படி அமைஞ்சிருக்குதுன்னு சொல்லலாமுங்க. அதத்தான் நிரூபிச்சிருக்கறேன்" என்றாள்.

நிருபர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மச்சான் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அம்மிணி, இதத்தான் இத்தன வருசமா அங்க உக்காந்து பண்ணிக்கிட்டு இருந்தியா?"

"ஆமாங்கண்ணா."

"ஒரு வார்த்த சொன்னியா கண்ணு நீ?"

அந்த வாரம் முடிவதற்குள் குலச் சங்கத்துத் தலைவர் அடிவாரத்திலிருந்து காரில் ஏறி வந்தார். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிகள் பல வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். திலகாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நம்ம குலத்தோட குணத்த வெளிநாட்டுக்காரன் கணக்குப் போட்டு ஒத்துக்கறாப்பல பண்ணீட்டீங்களே அம்மிணி. பாராட்டு விழா ஒண்ணு வெக்கோணும்னு இருக்கறோமுங்க."

"இல்லீங்க, அது வேற குலமுங்க."

"எல்லாக் குலத்தையும் பாத்தாத்தானுங்களே நம்முளுது ஒசத்தின்னு தெரியும்."

திலகா மறுபடியும் வாயைத் திறந்தாள். அதற்குள் இனியா தலைவரின் சட்டைப் பையில் இருந்த இரண்டு செல்போன்களைக் காட்டி, "உனக்கு எதுக்கு ரெண்டு?" என்று கேட்டாள். ஜெர்மனியில் பிறந்த குழந்தை. வீட்டில் நாங்கள் அவளைக் கூப்பிடுவதுபோலத்தான் அவள் உலகத்தைக் கூப்பிடுகிறாள். கொங்கு நாட்டில் அந்த 'உனக்கு' என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மச்சான் முகம் வெளுத்தது. குழந்தைக்கு மரியாதை சொல்லிக்கொடுக்காத குற்றத்தை ஈடுகட்ட, விழாவுக்குச் சரி என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆடி மாதம். கல்யாணம் இல்லாததால் செம்மேட்டு மண்டபம் சும்மா கிடந்தது. இரண்டே நாளில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டிஜிட்டல் பேனர் எழும்பியது. 'உலகக் குலங்களின் குணமறிந்த எங்கள் குலவிளக்கே வருக' என்று போட்டு, திலகாவின் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படத்தைச் சேர்த்திருந்தார்கள். படத்தின் ஓரத்தில் என் காது மட்டும் தெரிந்தது.

4

விழாவில் பேச வேண்டுமே. திலகா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். சனத்துக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் வேண்டும், கம்ப்யூட்டர் இல்லாமல் கையாலேயே போட்டுக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தாளும் பேனாவுமாகத் திரிந்தாள். தரை ஓட்டுக் குலத்தையும் அதன் இரட்டையையும் மற்றவற்றோடு சேர்த்துத் தைத்துப் பெரிய குலங்கள் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனியாவுக்குச் சலிப்பாக இருக்கிறதே என்று ஒருநாள் வாசலூர்பட்டிப் படகு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். திலகாவும் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். மிதித்து ஓட்டும் படகு. முன்னால் நானும் திலகாவும், பின்னால் இனியா. ஏரியின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது படகு வட்டமடிக்க ஆரம்பித்தது. பார்த்தால் திலகா மிதிப்பதை நிறுத்திவிட்டு மடியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு பக்கம் மட்டும் மிதிக்க மிதிக்க, படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. இனியாவுக்கு ஒரே குஷி. கரையிலிருந்து படகுக்காரர் விசில் ஊதினார். நேரம் முடிந்துவிட்டது என்று கையைக் காட்டினார்.

"திலகா, மிதி. கூப்பிடறாங்க."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, தப்புங்க" என்றாள்.

"எது?"

"என்ற தேற்றமுங்க, நான் நிரூபிச்சது."

நான் மிதிப்பதை நிறுத்தினேன். படகும் நின்றது. அவள் தாளைக் காட்டினாள். எனக்கு அதில் என்ன தெரியும்? ஆனால் அவள் முகம் தெரிந்தது. இரண்டு குலங்கள். அவள் போட்ட அத்தனை நிபந்தனைகளுக்கும் இரண்டும் உட்பட்டவை. படிகளின் பட்டியல் இரண்டுக்கும் ஒன்று. அமைப்பு வேறு வேறு. அப்படி இரண்டு இருக்கவே முடியாது என்றுதான் அவள் நிரூபித்திருந்தாள்.

"எங்க வந்துச்சு தப்பு?"

"மத்த எல்லாப் பகா எண்ணுக்கும் ஒழுங்காப் போட்டிருக்கறேனுங்க. ரெண்டுங்கற எண்ணுக்கு வர்றப்ப 'இதேபோல்'னு ஒரே வார்த்தையில எழுதி முடிச்சுட்டேன். இதேபோல் இல்லீங்க. ரெண்டு வேற மாதிரி."

கட்டுரை அச்சாகும் முன் அதைச் சரிபார்த்த இரண்டு நிபுணர்களும் 'இதேபோல்' என்றதைப் படித்து, இதேபோல்தான் இருக்கும் என்று நம்பிக் கடந்து போயிருக்கிறார்கள். அந்தச் சங்கம் விழா எடுக்காமல் இருந்திருந்தால் அவள் இப்படி ஒரு உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்த்திருக்கவே மாட்டாள்.

ஏழெட்டு வருட வேலை. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். விசில் மறுபடி கேட்டது. இரண்டு பேரும் மிதித்துக் கரைக்கு வந்தோம்.

5

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டில் ஒரு சின்ன மாநாடு நடந்தது. நான், மச்சான், திலகா. மச்சானின் மனைவி இனியாவை அழைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

"இந்தத் தப்பு வேற ஆருக்காச்சும் தெரியுமா கண்ணு?" என்று மச்சான் ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியுமுங்கண்ணா."

"அதில்ல. வேற ஆருக்கு?"

"அவியளுக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா அது கணக்குல வராது" என்றார் மச்சான். கணக்கைப் பொறுத்தவரை அது உண்மைதான் என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பறம் என்ன? விழா முடியட்டும். பேனர் வெச்சாச்சு. தலைவர் வெங்கல வெளக்குச் செய்யச் சொல்லீட்டாரு. ஜெர்மனி போயி ஆற அமர ஒக்காந்து சரிபண்ணிக்க. அவசரமில்ல."

நானும் அவர் கட்சிதான். மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கொஞ்சம் தாமதமாகச் சொன்னால் என்ன என்றுதான் கேட்டேன்.

"வேலை உத்தரவு கைக்கு வந்ததுக்கப்பறம் கண்டுபிடிச்சதா இருக்கட்டுமே திலகா. விசாவை யோசி. இனியா பள்ளிக்கூடத்த யோசி. அவளுக்குத் தமிழ்ல ஒழுங்கா எழுதக்கூடத் தெரியாது. இங்க கொண்டாந்து எந்த வகுப்புல சேக்கறது?"

திலகா என் பக்கம் திரும்பினாள்.

"கண்டுபிடிச்சது இன்னிக்குங்க" என்றாள். "அந்தத் தேற்றத்த நம்பி ஒரு பையன் இத்தாலில முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கிட்டு இருக்கறான். நாளைக்கும் எழுதுவான். நான் சொல்ற வரைக்கும் எழுதிக்கிட்டேதான் இருப்பான்."

நாளைக்குப் போன் பேச எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டேன்.

மறுநாள் மத்தியானம், ஜெர்மனியில் ஆபீஸ் திறக்கும் நேரம் பார்த்து, மச்சானின் வண்டியில் மூன்று பேரும் செம்மேட்டு எஸ்டிடி பூத்துக்குப் போனோம். திலகா உள்ளே நின்று தேர்வுக்குழுத் தலைவரிடம் ஜெர்மன் மொழியில் பேசினாள். நாங்கள் வெளியே நின்றோம். எதிரே பேனரில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகக் குரல் லேசாகக் கேட்டது. அழவில்லை. 'இரண்டு' என்ற சொல்லைப் பலமுறை சொன்னாள். பூத்துக்காரர் அவள் பேசுவதை மரியாதையோடு கேட்டுவிட்டு, "அம்மிணி என்னமா இங்கிலீஸ் பேசுது பாருங்க" என்றார்.

வெளியே வந்தாள். "நன்றின்னு சொன்னாருங்க" என்றாள். பிறகு நடந்து போய், வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வண்டி எங்கே என்று தேடினாள். இத்தாலிப் பையனுக்கும் அன்றைக்கே நாமக்கல் போய் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

6

விழாவில் மண்டபம் நிறைந்திருந்தது. அரியூர் நாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. அடிவாரத்திலிருந்து வேனில் கூட்டி வந்திருந்தார்கள். தலைவர் பேசினார். பொருளாளர் என்ற முறையில் மச்சான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் அவர் கண் திலகாவை விட்டு நகரவில்லை. வாயில் வந்ததை விழுங்கிவிடு கண்ணு என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

திலகா மைக் முன்னால் வந்து இரண்டு அட்டைச் சதுரங்களை எடுத்தாள். திருப்பினாள், கவிழ்த்தாள். பிறகு எந்த முன்னுரையும் இல்லாமல் ஆரம்பித்தாள்.

"ரெண்டு குலம் இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ரெண்டோட குணத்தையும் அளந்து பாத்தா ஒண்ணுக்கொண்ணு துளி வித்தியாசம் இல்ல. ஆனா உள்ள போயிப் பாத்தா ரெண்டும் வேற வேற குலம். அதனால குணத்த வெச்சு இன்ன குலம்னு சொல்ல முடியாதுங்க. சொல்ல முடியும்னு நான் இத்தன வருசமா நெனச்சேன். அதுக்குத்தான் நீங்க இந்த விழா வெச்சிருக்கறீங்க. நான் நெனச்சது தப்புங்க. போன வாரந்தான் தெரிஞ்சுது."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "விழாவ நிறுத்தீருவாங்களா? சாப்பாடு உண்டுல்ல?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். விசாரிப்பதில் உண்மையான ஆர்வம் தெரிந்தது.

"அம்மிணி, குணத்த வெச்சுக் குலத்தச் சொல்ல முடியாதுங்கற. சரி. குலத்த வெச்சுக் குணத்தச் சொல்ல முடியுமா?"

திலகாவுக்குப் பொய் சொல்ல வராது. கணக்கில் இது மிகச் சரியான கேள்வியும்கூட. பதிலைப் பற்றி ஒரு சந்தேகமும் கிடையாது. "அது முடியுமுங்க" என்றாள். "குலம் தெரிஞ்சுதுன்னா அதோட குணம் பூராவும் வரிசையா எழுதிடலாம். அதுல ஒண்ணும் தப்பு வராது."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. "ஆனா இது கணக்குல இருக்கற குலமுங்க, மனுசக் குலம் இல்லீங்க" என்று அவள் சொன்னதை மைக் உட்பட யாரும் கேட்கவில்லை. கரண்ட் அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது.

ஜெனரேட்டர் பிடித்ததும் தலைவர் மைக்கை வாங்கினார். அவர் எப்படி அவ்வளவு பெரிய ஆள் ஆனார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"சொந்தங்களே, கேட்டீங்களா? மேடையில நின்னு, மாலையைப் போட்டுக்கிட்டு, 'நான் பண்ணுனது தப்பு'ன்னு சொல்றதுக்கு எத்தன பேருக்குத் தைரியம் வரும்? வேற எந்தக் குலத்துலயாச்சும் சொல்லுவாங்களா? தப்ப ஒத்துக்கறதுதான் நம்ம குலத்தோட குணம். அம்மிணி கணக்குத் தப்பாயிருக்கலாம். குணம் தப்பல."

இரண்டாவது கைதட்டல் முதலாவதைவிடப் பெரிது. மச்சான் கண்ணைத் திறந்தார். கண்ணீர் வழிந்தது. குலவிளக்கு என்ற பட்டத்தோடு இடுப்பளவு உயரமுள்ள வெண்கல விளக்கை நான்கு பேர் தூக்கி வந்து கொடுத்தார்கள். திலகா அதன் பக்கத்தில், விளக்கைவிட அசையாமல் நின்றாள்.

கீழே என் மடியில் இருந்த இனியா ஜெர்மன் மொழியில் கேட்டாள். "அம்மா தப்புப் பண்ணினதுக்கு ஏன் பரிசு கொடுக்கிறார்கள்? எங்கள் ஊரில் சிவப்பு மையில்தானே கோடு போடுவார்கள்?"

எங்கள் ஊர் என்று அவள் சொன்னது எந்த ஊரை என்று எனக்குத் தெரியும். "சாப்பிடப் போலாம் வா சாமி" என்றேன். பந்தியில் கோழிக் குழம்பு நன்றாக இருந்தது.

7

ஜெர்மனிக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் விளக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். கோயில் சொத்தோ என்று சந்தேகம். பரிசு என்றோம். எதற்காக என்றார்கள். "என் தேற்றம் தவறு என்று கண்டுபிடித்ததற்காக" என்றாள் திலகா. அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் தேர்வுக்குழுவின் முடிவு வந்தது. இப்படி ஒரு நேர்மையை அவர்கள் அனுபவத்தில் கண்டதில்லையாம். தவறைத் தானே வெளிப்படுத்திய விண்ணப்பதாரரின் குணத்தைக் குழு ஒருமனதாகப் பாராட்டுகிறதாம். பேராசிரியர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்களாம். திலகா அதை இரண்டு தடவை படித்தாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்து, "பருப்புல உப்பு இல்லீங்க, போட்டுக்குங்க" என்றாள். அவள் அழுதாள் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஊரில் மண்டபம் நிறைய சனம் அவளைக் கொண்டாடியது. இங்கே படித்த சபை அவளைப் பாராட்டியது. இரண்டு இடத்திலும் புகழ்ந்தது அவள் குணத்தைத்தான். இரண்டு இடத்திலும் அவள் சொன்ன கணக்கைக் கேட்க ஆளில்லை. தவறு இருந்த இடம் எவ்வளவு அழகான இடம் என்று இத்தாலிப் பையன் மட்டும் எழுதியிருந்தான். அவன் ஆய்வேட்டின் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த இரண்டு குலங்களிலிருந்து புதிதாக ஆரம்பித்திருக்கிறான்.

கெடு முடிந்து திலகாவின் வேலை போயிற்று. என் வேலை நிரந்தரம் என்பதால் குடும்பம் என் விசாவுக்குள் வந்தது. விடுதியின் நிலவறையில், வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அறை எப்போதும் கதகதப்பாக இருக்கும். அங்கே ஒரு பழைய மேசையைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இனியாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து அங்கே உட்கார்ந்துகொள்கிறாள். தன் தேற்றம் பொய்யென்று காட்டும் சின்னக் கட்டுரையை அங்கேதான் எழுதி முடித்தாள். ஒரு நல்ல சஞ்சிகை போட்டிருக்கிறது. பழைய தேற்றத்தைவிட அதைத்தான் அதிகம் பேர் படிக்கிறார்களாம். படிகளை மட்டும் வைத்து என்னதான் சொல்ல முடியும் என்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். குழாய்ச் சாமான் எடுக்கப் போகும்போது எட்டிப் பார்ப்பேன். சில நாள் திட்டிக்கொண்டிருப்பாள். சில நாள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கொதிகலனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது மச்சான் போன் செய்தார். நலம் விசாரித்தார். மிளகு விலை சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"மாப்பிள்ள, தலைவர் கேக்கச் சொன்னாருங்க. வர்ற ஆடிக்கும் விழா வெக்கறமாம். போன தடவ அம்மிணி தப்புன்னு ஒத்துக்கிட்டத சனம் ரொம்ப ரசிச்சுதுங்களாம். இந்தத் தடவயும் ஏதாச்சும் தப்பு இருந்தாக் கொண்டாரச் சொல்றாரு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு, மேசையில் குனிந்திருந்த திலகாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள்.